மீன் இல்லாத மீன்தொட்டி

இந்த எபிசோடை முட்டத்துல, எங்க பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பதிவு பண்றேன். பின்னாடி கேக்குற இரைச்சல் மைக் கோளாறு இல்ல, கடல்.

பெரியம்மா மக, எங்க அக்கா, இங்க ஏழாம் வகுப்பு டீச்சர். மே மாசம் போன் பண்ணி, "மக்கா, கிளாஸ்ல ஒரு மீன்தொட்டி வைக்கணும், பைசா நீ தருவியா?"ன்னாங்க. எனக்குச் சிரிப்பு. முட்டத்துப் பிள்ளைகளுக்கு மீனைப் பத்திப் பாடமா? "இதுக பாத்ததெல்லாம் ஏலத்துக்கு வந்த மீனு. உயிரோட நீந்துறத எத்தனை பேரு பாத்திருக்கு?"ன்னு கேட்டாங்க. அப்புறம் நான் சிரிக்கல.

அமெரிக்காவுல 'டிரவுட் இன் தி கிளாஸ்ரூம்'னு ஒரு திட்டம் இருக்கு. வகுப்பறைத் தொட்டியில், தண்ணீரைக் குளிராகவே வெச்சு, டிரவுட் மீனை முட்டையிலிருந்து வளர்ப்பாங்க. குஞ்சானதும் ஓடையில் விடுவாங்க. அக்கா அந்த வீடியோவைப் பார்த்திருக்காங்க. கடையில கப்பி மீன் வாங்கி வளர்த்து, வருஷக் கடைசியில பிள்ளைகளோட போய்க் குளத்துல விடுறதுதான் அவங்க பிளான்.

நானும் பணத்தை அனுப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி சும்மா படிக்கும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. அங்கே எந்த ஓடையில் விடலாம்னு அரசு அனுமதி வாங்கித்தான் விடுறாங்க. கப்பி நம்ம ஊர் மீனே இல்ல, தென் அமெரிக்கா. கொசுவை ஒழிக்க 1928-ல் கொண்டுவந்த கம்பூசியா, 1952-ல் வந்த திலாப்பியா, எல்லாமே இப்படி நல்லெண்ணத்தோட விட்டதுதான். திலாப்பியான்னா யாருன்னு யோசிக்கிறீங்களா? ஜிலேபி கெண்டை. ஆப்பிரிக்கா மீன். நான் இத்தனை வருஷமா அதை நம்மூர் மீனுன்னே நினைச்சுத் தின்னிருக்கேன். ஒரு குளத்துல அது பெருகிட்டா, அங்கே ஏற்கெனவே இருந்த மீனுக்கு இரையும் இடமும் குறையும்.

வளர்த்து விடுறதே தப்புன்னு சொல்லல. சென்னையில் 1988-லேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ராத்திரி ராத்திரி கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுது. அது அதே கடலோட ஆமை. வித்தியாசம் அங்கதான்.

காலையில அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரிடே, அப்ப நம்ம குளத்து மீனையே வளர்ப்போம்"ன்னாங்க. தலையில் வெள்ளிப் பொட்டோட மேல்மட்டத்துலயே நீந்துமே, கேரளாவுல மானத்துக்கண்ணின்னு சொல்வாங்க, அது. கொசுப்புழுவையும் தின்னும். வருஷக் கடைசியில விடப்போறதில்ல, அடுத்த ஏழாம் வகுப்புக்குக் கைமாத்தணும்.

இன்னொரு விஷயத்துல நான் பட்டவன். நான் படிச்ச பள்ளியில் புதுத் தொட்டியில் ஒரே நாள்ல பத்துப் பன்னிரண்டு மீனைப் போட்டாங்க. ஒரே வாரத்துல எல்லாம் மிதந்துச்சு. தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு! மீன் கழிவுலேர்ந்து அம்மோனியா வரும், அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அது அவ்வளவு கெடுதல் இல்ல, செடி எடுத்துக்கும். இந்தப் பாக்டீரியா கூட்டம் தொட்டியில் குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். டெஸ்டிங் இல்லாம புரொடக்ஷனுக்குப் போற நம்ம கதைதான், ஆனா இங்க ரோல்பேக் கிடையாது.

அதனால ஜூன்ல பள்ளி திறந்ததும் வெறும் தண்ணி, மணல், செடி. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுறாங்க, அது அழுகி அம்மோனியா வரணும்ல. அதே ஜூன் 1-லேர்ந்துதான் இங்க மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. கிழக்குப் பக்கம், சின்னமுட்டத்துல, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14. ஒரே மாவட்டத்துல ரெண்டு தடைக்காலம்! இந்தப் பிள்ளைகளுக்குத் தடைக்காலம்னா நோட்டு, சீருடை வாங்குற நேரத்துல வீட்டுல காசில்லாத மாசம். மீன் முட்டையிட விடுற காலம்னு பாடத்துல இருக்கு, ஆனா அதை யாரும் கண்ணால பார்த்ததில்ல. தொட்டியில பார்ப்பாங்கன்னு அக்கா நம்புறாங்க. எனக்கு முழு நம்பிக்கை இல்ல, சின்னத் தொட்டி எங்க, கடல் எங்க.

நேத்து வகுப்புக்குப் போயிருந்தேன். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டா, அம்மோனியா இருந்தா பச்சை, இல்லைன்னா மஞ்சள். இன்னும் இளம்பச்சைதான். விசைப்படகுக்காரர் வீட்டுப் பையன் ஒருத்தன் குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டுக் கேட்டான்: "அண்ணே, 31-ஆம் தேதிக்குள்ள மஞ்சளாயிருமா?"

பாக்டீரியாகிட்டதான் கேக்கணும்டேன்னேன்.