சிறு தீயும் பெருந்தீயும்

தீயே படாமல் பார்த்துக்கொண்டால் காடு பிழைக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் சிறு தீயை அடியோடு தடுத்தால், பெருந்தீ வரும். கர்நாடகத்தில், நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் சோளகர் மக்கள், கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குத் தீ வைத்து வந்தார்கள். மண்ணில் ஈரம் இருக்கும் நேரம் அது. தீ தரையோடு தரையாக ஊர்ந்து அணைந்துவிடும். பெரிய மரங்கள் தப்பிவிடும். 1974-இல் அந்த மலை சரணாலயம் ஆனது. சருகுத் தீக்குத் தடை வந்தது. பிறகு உண்ணிச்செடி என்னும் புதர் காடெங்கும் மண்டியது. அந்தத் தீதான் உண்ணிச்செடியைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்கிறார்கள் சோளகர்கள். இன்று தீப்பிடித்தால் அது புதரில் ஏறி மரக்கிளையைத் தொடுகிறது.

முற்றத்தை எண்ணிப் பாருங்கள். அன்றாடம் பெருக்கினால் ஒரு கூடை சருகு. ஆண்டு முழுதும் விட்டால் ஒரு போர். பொறி ஒன்றுதான், எரிவது வேறு. வெயில் கூடியதுதானே காரணம் என்று கேட்கலாம். அதுவும் காரணம்தான். வெயில் சருகைக் காய வைக்கிறது. ஆனால் குவிந்து கிடந்தால்தானே அத்தனையும் எரியும்? அப்படியானால் இன்றே கொளுத்திவிடலாமா? கூடாது. புதர் மண்டிய காட்டில் சிறு தீயும் பெருந்தீயாகிவிடும். முதலில் உண்ணிச்செடியை வேரோடு களைய வேண்டும். பிறகு வனத்துறையும் காட்டை அறிந்த மக்களும் சேர்ந்து, பருவம் பார்த்துச் சருகை எரிக்க வேண்டும். மறவாதீர்கள்: காலத்தில் வைக்கும் சிறு தீ, பெருந்தீக்குப் போடும் வேலி.