மலை ஒன்று, கணக்கு இரண்டு



நம் ஊர் வழியே போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து தொடங்குகிறேன். திருமங்கலத்தில் புறப்பட்டு, நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டையும் கடந்து, தென்காசி, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய்ச் சேரும் சாலை. ஜல்லியும் எம்-சாண்டும் குண்டுக்கல்லும் ஏற்றிய டாரஸ் லாரிகள் புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டி மேற்கே போவதைத் தென்காசிப் பக்கத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறார்கள், போராடியும் இருக்கிறார்கள்.

கல்லும் மணலும் சட்டத்தின் கண்ணில் சிறு கனிமங்கள். 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம், 15-ஆம் பிரிவில், அவற்றுக்கு விதி வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. திருட்டுத்தனமாக வெட்டுவதையும் கடத்துவதையும் தடுக்கும் விதிகளும் மாநிலங்களுடையவையே. மாநில விதி மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. இங்கே லாரிக்குத் தரும் நடைச்சீட்டில் எழுதிய யூனிட்டும் அங்கே இறங்கிய யூனிட்டும் ஒன்றுதானா என்று இரண்டு அரசுகளும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்கிற வரி அந்தச் சட்டத்தில் இல்லை.

எல்லையில் கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதை பெல்லாரியில் பார்த்தோம். இரும்புத்தாதுக்காக கர்நாடக–ஆந்திர எல்லைக் குறிகளே அழிக்கப்பட்டன என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது.

நம் மலை எல்லை பார்ப்பதில்லை. 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையை உலக மரபிடமாக அறிவித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயத்தையும் கேரளத்தின் பெரியாறு, ரான்னி, கோன்னி, அச்சன்கோவில் காடுகளையும் ஒரே தொகுதியில் வைத்தது. 2021-இல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் பெரியாறு காப்பகத்தை ஒட்டியே கிடக்கிறது. 2024 மே மாதம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்கும் ஒரே நாள்களில் யானைகளைக் கணக்கெடுத்தன. யானையைச் சேர்ந்து எண்ணத் தெரிந்த அரசுகளுக்கு லாரியைச் சேர்ந்து எண்ண முடியாதா?

கேரளத்தவர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்களுக்கும் வீடு கட்டக் கல் வேண்டும். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று மலை சரிந்து ஊர்களே புதைந்தபோது நாமும்தான் அழுதோம். மறுநாள் தேதியிட்டு மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் கூருணர்வுப் பகுதிக்கான ஆறாவது வரைவை வெளியிட்டது: ஆறு மாநிலங்கள், 56,825 சதுர கிலோமீட்டர், அதற்குள் குவாரிக்குத் தடை. முதல் வரைவு 2014-இல் வந்தது. பத்தாண்டில் ஆறு வரைவு! மாநிலங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி முடிக்காததே இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்பது என் முடிவு.

சேர்ந்து செயல்பட முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்ட கேரள மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட சில நாள்களிலேயே கேரள அரசு லாரி அனுப்பி அள்ளிச் சென்றது. கழிவுக்கு முடிந்தது கல்லுக்கும் முடியும். கேரளத்தில் கனிமங்களுக்கு ‘கோம்பாஸ்’ என்ற இணைய அனுமதி முறை இருக்கிறது. இங்கும் நடைச்சீட்டு இணையத்துக்கு வந்துவிட்டது. இரண்டையும் இணைத்து, சோதனைச்சாவடியின் இருபுறமும் ஒரே எடையைப் பதிய வேண்டும்.

அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். மலையடிவாரக் கிராமத்தினரே, அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, இரு மாநில அரசுகளுக்கும் அனுப்புங்கள்.