தொகையன்று, தரமே வேண்டும்



நமது நாட்டிலே குடும்பத் திட்டச் சங்கம் 1953 ஆம் ஆண்டில் தோன்றியது. 1965 இல் அரசாங்கம் அப்பணியைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்தது. இவ்விணைப்பின் பயன் யாது? கர்ப்பிணியை வீடு தேடிச் சென்று பார்க்கும் மருத்துவமாதே குடும்பத் திட்டத்தையும் எடுத்துரைக்கிறார். பழகிய முகத்திடம் கிராமத்துப் பெண் அச்சமின்றிப் பேசுகிறாள்.

தொகையையே குறியாகக் கொண்டால் விளைவது என்ன? 2014 நவம்பரில் இந்தியாவின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாமொன்றில் ஒரே நாளில் 83 பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தனர். அவர்களிற் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2016 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துமாறு பணித்தது.

ஆகவே நாம் கேட்பது இதுவே: முறைகள் பலவற்றையும், அவற்றால் வரக்கூடிய உபாதைகளையும் பெண்ணுக்கு அவளது மொழியிலேயே விளக்குங்கள். முடிவை அவளிடமே விடுங்கள். வளையம் வைத்தபின் மீண்டும் வந்து நலம் விசாரியுங்கள். அவள் வேண்டாமென்றால் தடை சொல்லாது அகற்றுங்கள். நாற்று நட்டபின் வயற்பக்கம் போகாத கமக்காரன் உண்டா?

வைத்தியர்களே, இது உங்கள் கடமை. கமக்காரப் பெருமக்களே, இதைக் கேட்டுப் பெறுவது உங்கள் இல்லத்துப் பெண்களின் உரிமை. அவ்வுரிமைக்குத் துணை நிற்போமாக!