தலைமகனின் தகுதியை மாணாக்கரே தேரட்டும்



ஏரியும் காடும் அணிசெய்யும் ஏற்காட்டைத் தன்மேல் தாங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதற்கு வடக்கே, இன்று தருமபுரி என வழங்கும் தகடூர், தென்கிழக்கே கொல்லிமலை. தகடூரை ஆண்ட அதியமானைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் வென்றதையும், தகடூரை அழித்ததையும் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்லும். எனவே, ஏற்காட்டில் பயிலும் மாணாக்கனுக்கு அப்போர் எங்கோ நிகழ்ந்த கதையன்று. அவன் வாழும் மலையின் இருபுறத்தும் நடந்த வரலாறு.

அப்போரைப் பொருளாகக் கொண்டு எழுந்த தொடர்நிலைச் செய்யுள் ‘தகடூர் யாத்திரை’. அந்நூல் முழுமையாகக் கிட்டவில்லை. ‘புறத்திரட்டு’ என்னும் தொகைநூலிலும் பழைய உரைகளிலும் சிதறிக் கிடக்கும் சில பாக்களே எஞ்சின. கிரேக்கப் பாவலர் ஓமரின் ‘இலியது’ முழுமையாக வாழ்கின்றது. ஆதலின், அக்கிலீசு என்னும் மறவன் தொடக்கத்தில் சினந்து போரைத் துறந்ததையும், இறுதியில் தன் பகைவன் எக்தரின் உடலை அவன் முதிய தந்தைக்கு மனமிரங்கி அளித்ததையும் ஒருங்கே படித்து அவனை மதிப்பிட இயலும். அதியமானை அறிய விழையும் தமிழ் மாணாக்கனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. புறநானூற்றுப் பாடல்களையும் பிற சான்றுகளையும் ஒன்றுகூட்டி அவனே முடிபு காணல் வேண்டும்.

ஆனால், வகுப்பறைகளில் நடப்பது என்ன? ‘அதியமான் வள்ளல், ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்தான்’ என்னும் ஒற்றை வரியை மாணாக்கன் மனப்பாடம் செய்கின்றான், தேர்வில் எழுதுகின்றான், மதிப்பெண் பெறுகின்றான், மறக்கின்றான். முடிபு முன்னதாகவே தரப்பட்டு விட்டமையால், பாட்டைப் படிக்க வேண்டிய தேவையே அவனுக்கு இல்லாமற் போகின்றது.

இதனை மாற்ற மூன்று வினாக்கள் போதும். தலைவன் செய்தது யாது? அதனைச் சொல்பவர் யார்? அதற்கு மாறான சான்று உண்டா?

முதல் வினாவை நெல்லிக்கனிப் பாடலிலேயே தொடங்குக. உயர்ந்த மலையின் பிளவில் அரிதிற் கிடைத்த கனியை, அதன் பயனைக் கூறாது தன்னுள்ளே அடக்கிக்கொண்டு, அஞ்சி ஔவையார்க்கு அளித்தான் என்கிறது 91ஆம் பாடல். “பயனை அவன் ஏன் கூறவில்லை?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஆசிரியர் அமைதியாக இருத்தல் வேண்டும். கூறியிருந்தால் ஔவையார் அதனை ஏற்றிருக்க மாட்டார் என்பதை மாணாக்கரே கண்டு சொல்வர். கனியை ஈந்தது கொடை. பயனை மறைத்தது அக்கொடையினும் பெரிய அன்பு. இதனைத் தானே கண்டறிந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறவான்.

மூன்றாம் வினாவுக்கு அஞ்சுதல் கூடாது. அதே ஔவையார், பரிசில் தாராது அஞ்சி காலம் நீட்டித்தபோது, வாயில்காவலனை விளித்துச் சினந்து பாடியது 206ஆம் பாடல். தம்மைக் காணாமலே அதியமான் விடுத்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தது 208ஆம் பாடல். தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவேனும் இனிது என்பது அப்புலவரின் பெருமிதம். இவ்விரு பாடல்களையும் மறைத்துவிட்டு வள்ளன்மை பேசுவது கல்வியாகாது. இவற்றையும் தந்து, “இப்போதும் அவன் வள்ளல்தானா?” என்று வினவுக. ஆம் என்பவனும் அன்று என்பவனும் பாட்டைக் காட்டியே பேசட்டும். குறையும் உடைய மாந்தனாகத் தோன்றும் அதியமான், குறையற்ற பதுமையாகிய அதியமானைவிட அவர்கள் நெஞ்சுக்கு அணுக்கமாவான்.

இரண்டாம் வினாவுக்கு அரிசில்கிழார் நல்ல எடுத்துக்காட்டு. அவர் வென்ற சேரனைப் பாடியவர். ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும் சேரன் கொடுக்க, ஆட்சியை அவனுக்கே விட்டு அமைச்சுப் பூண்டவர். அவரே, தகடூரில் பொருது வீழ்ந்த எழினிக்காக இரங்கிக் கூற்றுவனைப் பழித்ததும் புறநானூற்றில் உள்ளது. தன் பக்கத்துப் புலவர் புகழ்வது இயல்பு. வென்றவனின் அவையைச் சேர்ந்தவர் தோற்றவனுக்காகக் கண்ணீர் விடுவது எத்துணை வலிய சான்று! எனினும், அவ்வெழினி அஞ்சியே என்று பாடல் கூறவில்லை. எனவே, எழினிக்குரிய புகழை அஞ்சிக்கு ஏற்றிவிடலாகாது என்பதையும் மாணாக்கன் கற்கின்றான்.

பாட்டுக்கு வெளியே கல்லும் பேசுகின்றது. அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று 99ஆம் பாடலில் ஔவையார் குறிக்கின்றார். அத் திருக்கோவலூர்க்கு அருகிலுள்ள சம்பையில், 1981ஆம் ஆண்டு ஒரு தமிழிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி என்பது அதன் செய்தி. அவனைச் ‘சதியபுதோ’ என்றும் அது குறிக்கின்றது. அசோகனின் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு எண்ணப்பட்ட சதியபுத்திரர் யாவர் என்னும் ஐயத்திற்கு அது விடை தந்தது. பாட்டிலிருந்து கண்ட முடிபைக் கல் வந்து உறுதி செய்வதைக் காணும் மாணாக்கன், தன் இலக்கியத்தை வெறுங்கதை என்று எவர் இகழ்ந்தாலும் சான்று காட்டி மறுப்பான்.

ஆசிரியப் பெருமக்களே! பிறர் தரும் இகழ்ச்சியை மறுக்கத் தெரியாதவன் அடிமை. தம்மவர் தரும் புகழ்ச்சியை ஆராயத் தெரியாதவனும் அடிமையே. தன் முன்னோரைத் தானே எடைபோட்டு அறிந்த தலைமுறையை எவராலும் ஏய்க்க முடியாது. முடிபைச் சொல்லிக் கொடுக்கற்க! பாட்டைக் கொடுங்கள், வினாவைக் கொடுங்கள், எண்ணிப் பார்க்கக் காலம் கொடுங்கள்! தமிழ் மாணாக்கன் தன் தலைமகனைத் தானே கண்டுகொள்வான்.