காது அடைச்சிருக்குன்னு ஆறு நாள் விட்டுட்டோம்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஹெட்ஃபோன் போட்டுக் கேக்குறவங்க சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. ஏன்னு போகப் போகப் புரியும்.

எனக்கு ஊர் வாலாஜாபாத். வேலை ஓ.எம்.ஆர்ல, வாரத்துல பாதி நாள் வீட்டுல இருந்துதான். எங்க ஊர்க் காலைய பார்க்காதவங்களுக்குச் சொல்றேன்: விடியறதுக்கு முன்னாடியே வண்டலூர் ரோட்டுல கம்பெனி பஸ் வரிசையா நிக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு போர்டு. ஒரு ஷிஃப்ட் ஏறும், ஒரு ஷிஃப்ட் இறங்கும். இறங்குறவங்கள்ல ஒருத்தன் என் தம்பி. சித்தி பையன், வயசு 24, ஐ.டி.ஐ. முடிச்சிட்டு கார் பார்ட்ஸ் பண்ற ஒரு யூனிட்ல பிரஸ் ஷாப்ல இருக்கான். காண்ட்ராக்ட் வேலை. கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்ல. சொன்னா பாதிக்கப்படப் போறது அவன்தான்.

ஒரு திங்கட்கிழமை நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவன், "அக்கா, இடது காதுல தண்ணி பூந்த மாதிரி இருக்கு, உள்ள ஒரே கொய்ய்ய்னு சத்தம்" அப்படின்னான். வலி இல்ல, காய்ச்சல் இல்ல. சித்தி பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்க. செவ்வாய்க்கிழமை மெடிக்கல்ல அழுக்கு கரையற டிராப்ஸ் ஒண்ணு வாங்கினான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? எக்செல் ஷீட் போட்டேன்.

சிரிக்காதீங்க. இன்ஜினியர் புத்தி அது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, தாம்பரம், சென்னைன்னு பதினோரு ஈஎன்டி டாக்டர். எத்தனை ஸ்டார், எத்தனை ரிவ்யூ, எவ்ளோ ஃபீஸ், எவ்ளோ தூரம். 4.8 வாங்கின ஒருத்தரை ஃபைனல் பண்ணேன். அப்பாயின்ட்மென்ட் அடுத்த புதன்கிழமைதான் கிடைச்சுது. "பரவால்லக்கா, வலிக்கவா செய்யுது"ன்னான் அவன். நானும் புக் பண்ணிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட்ல, இடது பக்கம் இருந்து ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடிச்சுட்டே வந்திருக்கு. இவனுக்கு அது கேக்கவே இல்ல. பக்கத்துல இருந்தவர் சட்டையைப் பிடிச்சு இழுத்திருக்கார். காலைல வீட்டுக்கு வந்து இதை ஜோக் மாதிரி சொல்லிட்டு இட்லி சாப்பிட்டுட்டு இருந்தான். எனக்குக் கை நடுங்கிடுச்சு.

அன்னைக்கே எங்க தெருவுல இருக்கிற வயசான ஜெனரல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அடைப்பு மெல்ல மெல்ல வந்துச்சா, ஒரே நாள்ல வந்துச்சா?" ஒரே நாள்லன்னு சொன்னோம். மருந்து எதுவும் எழுதல. காஞ்சிபுரத்துல ஒரு ஈஎன்டி பேரைத் துண்டுச் சீட்டுல எழுதி, "இப்பவே போங்க"ன்னார்.

அந்தப் பேரு என் ஷீட்லயும் இருந்துச்சு. ஒன்பதாவது இடம், 3.9 ஸ்டார். ஏன் 3.9னு போற வழியில ரிவ்யூ எல்லாம் படிச்சேன். பார்க்கிங் இல்ல, ரொம்ப நேரம் உட்கார வெச்சாங்க, ரிசப்ஷன்ல மூஞ்சி காட்டுறாங்க. காதைப் பத்தி ஒருத்தர் கூட எழுதல. நான் நாலு நாளா உட்கார்ந்து அலசினது பார்க்கிங் டேட்டாவை!

டாக்டர் முதல்ல கேட்டது, "எங்க வேலை பண்றீங்க, எந்த செக்‌ஷன்?" பிரஸ் ஷாப்னதும் தலையை ஆட்டிக்கிட்டார். காதுக்குள்ள லைட் அடிச்சுப் பார்த்தார். அழுக்கு சுத்தமா இல்ல, ஜவ்வு நல்லா இருக்கு. அப்புறம் டிராயரைத் திறந்து எடுத்தது நம்ம ஸ்கூல் லேப்ல பார்த்த அதே இசைக்கவை, ட்யூனிங் ஃபோர்க். 1711ல இங்கிலாந்துல ஜான் ஷோர்னு ஒரு ட்ரம்பெட் கலைஞர் கண்டுபிடிச்ச சாமான். அதைத் தட்டி தம்பி நெத்தி நடுவுல வெச்சு, "எந்தப் பக்கம் கேக்குது?"ன்னார். "வலது"ன்னான். டாக்டர் முகம் மாறிடுச்சு.

இதுல இருக்கிற ஃபிசிக்ஸ் ரொம்ப எளிமையானது. நெத்தியில வெச்சா சத்தம் எலும்பு வழியா ரெண்டு உள்காதுக்கும் போகும். அழுக்கோ சளியோ அடைச்சிருந்தா, அடைச்ச காதுலதான் சத்தமா கேக்கும். வெளிச் சத்தம் உள்ள வராது, உள்ள வந்த சத்தம் வெளிய போகாது. உள்காதோ நரம்போ அடி வாங்கியிருந்தா, நல்ல காதுலதான் கேக்கும். காதைப் பொத்திட்டு 'ம்ம்ம்'னு முனகிப் பாருங்க, பொத்தின பக்கம் சத்தம் கூடுதுல்ல? அதே கதைதான். ஒரு பக்கம் திடீர்னு அடைச்சா, காதைப் பொத்தாம முனகிப் பாருங்க. நல்ல காதுப் பக்கம் சத்தம் ஒதுங்கினா ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க. அடைச்ச பக்கமே கேட்டாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேணும். அவசரம் எவ்ளோன்னு புரிய மட்டும்தான் இந்த முனகல்.

தம்பிக்கு வந்ததைத் திடீர் செவித்திறன் இழப்புன்னு சொல்றாங்க. மூணு நாளுக்குள்ள, அடுத்தடுத்த மூணு அலைவரிசையில 30 டெசிபலாவது குறையறதுதான் அதுக்கு வெச்சிருக்கிற அளவு. பெரும்பாலும் காரணம் என்னன்னே பிடிபடாது. வைரஸா இருக்கலாம், ரத்த ஓட்டமா இருக்கலாம்னு சந்தேகப்படுறாங்க. அபூர்வமா நரம்புல கட்டி இருக்கும், அதனால எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுவாங்க. மருந்து ஸ்டீராய்டு. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன் அதிகம், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. அதுல பலன் இல்லன்னா காது ஜவ்வு வழியா ஊசி போடுறாங்க. நாங்க போனது ஆறாவது நாள். 4.8 ஸ்டாருக்காகக் காத்திருந்தா பத்தாவது நாள் ஆயிருக்கும்.

பக்கத்து ரூம்லயே ஆடியோகிராம் எடுத்தாங்க. சத்தம் புகாத கூண்டுக்குள்ள உட்கார வெச்சு, பீப் கேட்டா பட்டனை அழுத்தணும். கிராஃப் வந்துச்சு. இடது காது கோடு அதலபாதாளத்துல. அது நாங்க எதிர்பார்த்ததுதான். ஆனா டாக்டர் பேனாவை வலது காது கோட்டுல வெச்சார். நல்ல காதுன்னு நாங்க நினைச்சுட்டு இருந்த காது. கோடு நேரா வந்து, 4000 ஹெர்ட்ஸ்ல மட்டும் ஒரு பள்ளம், அப்புறம் மறுபடியும் மேல. "இது வேற. இது உங்க மெஷின் போட்ட பள்ளம்"னார்.

ரெண்டும் தனித்தனி வியாதி. இடது பக்கம் வந்தது ஒரே ராத்திரியில. அதுக்கு ஃபேக்டரிதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னு அவரே சொல்லிட்டார். வலது பக்கம் இருக்கிறது நாலு வருஷமா, வலி இல்லாம, ஷிஃப்ட் ஷிஃப்ட்டா தேஞ்சது. அதுக்கு மருந்து கிடையாது, மேல தேயாமப் பார்த்துக்கலாம், அவ்ளோதான். நம்ம ஊர் விதிப்படி 90 டெசிபல்ல எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம். 95 ஆனா நாலு மணி நேரம், 100 ஆனா ரெண்டே மணி நேரம். கைக்கு எட்டுற தூரத்துல நிக்கிறவன்கிட்ட கத்தித்தான் பேசணும்னா, அந்த இடம் காதுக்கு ஆகாதுன்னு வெச்சுக்கோங்க. இதுல அவன் ஓ.டி. வேற பார்க்கிறான்.

சரி, ஈஎன்டி டாக்டரை எப்படித் தேடுறது? நான் இப்ப செய்யறதைச் சொல்றேன்.

முதல்ல படிப்பு. எம்.எஸ். ஈஎன்டி, டி.என்.பி., டி.எல்.ஓ. இதுல ஏதாவது ஒண்ணு இருக்கணும். சீட்டுல பதிவு எண் இருக்கும், தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் வெப்சைட்ல தேடிப் பார்க்கலாம். ரெண்டாவது, போன் பண்ணி ஒரே கேள்வி: "ஒரு காது திடீர்னு கேக்கல, இன்னைக்கே பார்த்து ஆடியோகிராம் எடுக்க முடியுமா?" அடுத்த வாரம்னு சொன்னா அடுத்த நம்பர். மூணாவது, காது மெஷின் விக்கிற கடையில இலவச டெஸ்ட்னு போர்டு இருக்கும். ஆடியோகிராம் எடுக்கிற ஆடியாலஜிஸ்ட்டோட வேலை ரொம்ப முக்கியம்தான், ஆனா திடீர்னு வந்ததுக்கு முதல்ல டாக்டர்.

காசு இல்லன்னு தள்ளிப் போடாதீங்க. காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை இருக்கு. இந்தப் பக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, சென்னைல சென்ட்ரலுக்கு எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ஓ.பி.க்குக் காலையிலயே போயிடணும். எந்த வாசல், எந்த ரூம்னு திணறுனா 104க்குப் போன் பண்ணிக் கேளுங்க. இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா, காண்ட்ராக்ட்ல இருந்தாலும் அது உங்க காசு. சம்பளத்துல 0.75 சதவீதம் நீங்க கட்டுறீங்க, 3.25 முதலாளி கட்டணும். உங்க இ.எஸ்.ஐ. மருந்தகத்துல சீட்டு வாங்கினா கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரைக்கும் போகலாம்.

இன்னொண்ணு. சத்தத்தால காது போறது 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூன்றாவது அட்டவணையில இருந்த தொழில் நோய். 2020ல வந்த புதுத் தொகுப்புச் சட்டத்தோட பட்டியல்லயும் இருக்கு. பார்க்கிற டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் அது. அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும், அவர் கேக்கலைன்னாலும், என்ன வேலை, எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம்னு சொல்லி சீட்டுல எழுத வைங்க.

தம்பிக்கு இடது காது பாதிக்கு மேல திரும்ப வந்துடுச்சு. பேச்சு கேக்குது. குக்கர் விசில் ரெண்டு ரூம் தள்ளி இருந்தா கேக்கல. கொய்ய்ய் சத்தம் ராத்திரியில இன்னும் இருக்கு, ஃபேன் சத்தத்துல மறைச்சுத் தூங்குறான். முன்னாடியே போயிருந்தா முழுசா வந்திருக்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "அதை யாரும் சொல்ல முடியாதும்மா"ன்னார். என்னைத் தேத்தத்தான் சொன்னார்னு நினைக்கிறேன்.

இயர்பிளக் இப்ப போடுறான். உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையால காது மடலை மேல இழுத்து உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் விரலால பிடிச்சுக்கணும். நாலு வருஷமா அவன் பாக்கெட்ல இருந்துச்சு, இப்படித்தான் போடணும்னு அவனுக்கு யாரும் காட்டல. வலது காது ரிப்போர்ட்டை கம்பெனியில இன்னும் காட்டல. காட்டினா அடுத்த காண்ட்ராக்ட்ல பேரு இருக்காதுன்னு பயம். அது வீண் பயம்னு என்னால சொல்ல முடியல. முதல்ல இ.எஸ்.ஐ. மருந்தகத்துல காட்டிப் பதிவு பண்ணிடலாம்னு பேசி வெச்சிருக்கோம். வர்ற செவ்வாய்க்கிழமை போறோம், நான் லீவு போட்டுட்டேன்.

இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்க வீட்டுலயும் ஒரகடம் பஸ் ஏறுற யாராவது இருப்பாங்க. இன்னைக்கு ராத்திரி அவங்ககிட்ட, அவங்க முதுகுப் பக்கம் நின்னு, சாதாரணக் குரல்ல ஏதாவது கேட்டுப் பாருங்க. "என்ன?"ன்னு திரும்பிக் கேட்டா, நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.