ரயில் தவறினால் பயணம் தவறாது

(‘அயல்நாட்டுச் சுற்றுலாவில் ரயில் தாமதம் தருவது துன்பமே! அனுபவமே!’ என்ற தலைப்பில், ‘அனுபவமே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால பேசின சகோதரர் ஒரு பட்டியல் வாசிச்சாரு. பத்து நாள், ஏழு நாடு! காலையில பாரீஸ், மத்தியானம் சூரிச், ராத்திரி மிலன். நடுவுல ஒரு ரயில் நாற்பது நிமிஷம் லேட்டாம், பத்து நாளும் பாழாப் போச்சாம். அய்யா, சீட்டுக்கட்டுல வீடு கட்டி வச்சுட்டு, ஃபேன் மேல கோவிச்சுக்கலாமா? (சிரிப்பு, கைதட்டல்)

நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெளிநாடு என்றால் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று! ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டில் அங்கே நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை நூற்றுக்கு 62.5தான். அதுலயும் ஒரு சலுகை உண்டு. 6 நிமிஷத்துக்குள்ள தாமதம்னா அது தாமதமே இல்ல, நேரத்துக்கு வந்த கணக்கு!

பக்கத்துல சுவிட்சர்லாந்து. அங்கே 3 நிமிஷம்தான் கணக்கு. ஜெர்மனியிலிருந்து வர்ற ரயில் ரொம்பத் தாமதமாச்சுன்னா, எல்லையில இருக்கற பாசெல் நிலையத்தோட நிறுத்திடுவாங்க. அதுக்கு மேலே அவங்க சொந்த ரயில் நேரத்துக்குக் கிளம்பிடும், பயணிகள் அதில் மாறிக்கணும். எப்படின்னா, முகூர்த்தம் தவறி வந்த மாப்பிள்ளையை மண்டபத்து வாசல்லயே உட்கார வச்சுட்டு, அவர் தம்பியை மணையில ஏத்தின மாதிரி! (பலத்த சிரிப்பு)

ஆக, தாமதம் எங்கேயும் உண்டு. அதைத் துன்பம் ஆக்குவது எது? ரயிலா? இல்லை, மூச்சுவிட இடமில்லாமல் நாம் போடுகிற திட்டம்!

1872இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் ஒரு நாவல் எழுதினார். எண்பது நாளில் உலகத்தைச் சுற்றுகிற கதை. கதாநாயகர் பிலியாஸ் ஃபாக். பம்பாயில் இறங்கிக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறுகிறார். நடுவழியில் ரயில் நின்றுவிடுகிறது. ஏன்? அதுக்கு மேலே தண்டவாளமே போடலை! அலகாபாத் வரைக்கும் 50 மைல் நீங்களே போய்க்குங்கன்னுட்டாங்க. நம்ம எதிரணிக்காரரா இருந்தா அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதியிருப்பார். (சிரிப்பு) ஃபாக் என்ன செய்தார்? 2,000 பவுன் கொடுத்து ஒரு யானையை வாங்கினார்!

படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த யானை நினைவிருக்கும். எனக்கு வேறொன்று நினைவிருக்கிறது. அவர் பம்பாய்க்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்தவர். கையிருப்பில் இரண்டு நாள் இருந்தது. அந்த ரெண்டு நாள்தான் அய்யா அவருக்கு நிதானத்தைக் கொடுத்துச்சு! நம்மால யானை வாங்க முடியாது. ஒரு நாளை மிச்சம் பிடிக்க முடியாதா? (கைதட்டல்)

முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அன்றைய கடைசி ரயிலை நம்பாதே, அதற்கு முந்தியதைப் பிடி. ஊருக்குத் திரும்ப விமானம் ஏறும் நாளுக்கு முதல் நாளே அந்த ஊருக்குப் போய்விடு. கையில் பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு வேண்டும். அந்த நாடுகளில் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே தாராளமாக நேரம் விடு.

அடுத்து, “காசு நஷ்டம்” என்று எதிரணியில் கண்ணீர் விட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் ரயில் பயணிகள் விதிப்படி, போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம் திரும்பக் கேட்கலாம். இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம். கடும் புயல் போன்ற இயற்கைக் காரணம் என்றால் அந்தப் பணம் கிடையாது. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்கேற்பச் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால், முடிந்த இடத்தில், தங்குமிடமும் கொடுக்க வேண்டியது ரயில் நிறுவனத்தின் பொறுப்பு.

இதுல தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டிய சூட்சுமம் ஒன்று. ரெண்டு ரயில் மாறணும்னா, சேர்த்து ஒரே டிக்கெட்டா வாங்கு. முதல் ரயில் தாமதமாகி அடுத்தது போயிட்டா, கொண்டு போய்ச் சேர்க்கற பொறுப்பு அவங்களோடது. பத்து யூரோ மிச்சம்னு தனித்தனியா வாங்கினா, அந்தப் பொறுப்பு உன் தலையிலதான் விழும்!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “சாவு வீட்டுக்குப் போறவனுக்குத் தாமதம் அனுபவமா?” நியாயமான கேள்வி. அது துன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய தலைப்பு சுற்றுலா. ஊர் பார்க்கப் போனவன் ஒரு ஊரைப் பார்க்காமல் வருவதும் அதுவும் ஒன்றா?

2022 பிப்ரவரி. வட ஜெர்மனியில் அடுத்தடுத்துப் புயல். நெடுந்தூர ரயில்களை நிறுத்திவிட்டார்கள். என் மகள் அப்போ அங்கே படிச்சுக்கிட்டிருந்தா. ரெண்டு சிநேகிதிகளோட ஊர் சுத்தக் கிளம்பினவ, நடுவழியில ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டா. அங்கே ராத்திரி பதினொரு மணி, நமக்கு விடியக்காலை மூன்றரை. போன் வருது. அவங்கப்பா, “பணம் அனுப்பட்டுமா?”ங்கறார். நான் வாய்விட்டு அழறேன். அவ சொன்னா, “அம்மா, அழறதா இருந்தா போனை வச்சுட்டு அழு. சார்ஜ் ஒன்பது சதவீதம்தான் இருக்கு!” (சிரிப்பு)

ஓடாத ரயில் ஒன்றை நடைமேடையில் நிறுத்தி, விளக்கும் வெப்பமும் போட்டு, மாட்டிக்கொண்டவர்களை இரவு தங்க விட்டிருக்கிறார்கள். எதிர் இருக்கையில் ஒரு பாட்டி. இவளுக்கு அரைகுறை ஜெர்மன். பாட்டி தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாங்களாம். இவ நான் அனுப்பின முறுக்கைக் கொடுத்தாளாம். பாட்டி ஒரு கடி கடிச்சுட்டு, பல்லு இருக்கான்னு தடவிப் பார்த்துக்கிட்டாங்களாம்! (பலத்த சிரிப்பு)

பார்க்கப் போன ஊரை என் மகள் பார்க்கவே இல்லை. அய்யா, தெருமுனைக் கடைக்குத் தனியா அனுப்பவே பயந்து பயந்து வளர்த்த பிள்ளை அவ. யாரைக் கேட்கணும், எங்கே உட்காரணும், யார் பக்கத்துல படுத்தா பத்திரம்னு அந்த ராத்திரி அவளா முடிவெடுத்தா. அதுக்கு மேல பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கும் தைரியம் சொன்னா. எந்தச் சுற்றுலா நிறுவனத்தின் பட்டியலில் அய்யா இது இருக்கிறது? (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! நேரத்துக்கு வந்த ரயில் நம்மை ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நேரம் தவறிய ரயில்தான் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச வைக்கும், சட்டத்தைப் படிக்க வைக்கும், நம் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நமக்கே காட்டும். பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள், முறுக்கும் கொடுத்து அனுப்புங்கள். கூடவே அட்டவணையில் ஒரு நாளைக் காலியாக விட்டு அனுப்புங்கள்.

ஆகவே, அயல்நாட்டுச் சுற்றுலாவில் ரயில் தாமதம் தருவது அனுபவமே, அனுபவமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, நடுவர் மணியடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே அமர்கிறேன். (சிரிப்பு, கைதட்டல்)