மீனின் மணமும் வியாபாரியின் அமானிதமும்

 

நமது செஞ்சி, கோட்டையால் பெயர் பெற்ற ஊர். கடலோர ஊர் அன்று. புதுச்சேரி, மரக்காணம் போன்ற கடற்கரைகளில் பிடிபடும் மீன், ஐஸ் பெட்டியில் பயணம் செய்தே நமது சந்தையை அடைய முடியும். ஆகவே வாங்குபவருக்கு மூக்கே முதல் சாட்சி.

புதிய கடல்மீனில் கடற்பாசியின் மெல்லிய மணமே இருக்கும். நேரம் செல்லச் செல்ல, மீனின் உடலிலுள்ள ஒரு பொருளை பாக்டீரியாக்கள் ‘டிரைமெத்தில் அமீன்’ என்பதாக மாற்றுகின்றன. மீன் நாற்றம் என்று நாம் முகம் சுளிப்பது பெரும்பாலும் இதனையே. ஆயினும், சந்தையின் சாக்கடை நாறுவதைக் கொண்டு அங்குள்ள எல்லா வியாபாரிகளையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள். மீனையே கையிலெடுத்து, செவுளை விரித்து முகர்ந்து பாருங்கள். ஏரி மீனின் சேற்று வாடையும் கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று.

வேட்டையாடிய பிராணி மூன்று நாட்களுக்குப் பின் கிடைத்தாலும், அது துர்நாற்றம் அடையாதவரை உண்ணலாம் என்னும் கருத்தில் அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நாற்றத்தை ஓர் அளவுகோலாகவே மார்க்கம் ஏற்றிருக்கிறது. மீனை அறுக்க வேண்டியதில்லை, அது ஹலால்தான். ஆனால் ஹலாலான உணவு தூய்மையானதாகவும் இருக்க வேண்டுமென்று அல்குர்ஆன் கூறுகிறது.

அன்பர்களே! அந்த மூக்கையே ஏமாற்றிவிட்டால்? 2018 ஜூன் மாதம் கேரளத்தில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ எனும் சோதனையில், ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிரேதங்களைக் கெடாமல் வைக்கும் மருந்து அது. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. கண் மங்கி, செவுள் வெளுத்து, சதை விறைத்திருந்தும் மீனில் வாடையே இல்லையென்றால் அதனை வாங்காதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், உள்ளே ஈரம்! மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். நனைந்தது அவர் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

மீன் விற்கும் சகோதரரே! நேற்றைய மீனை நேற்றையது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். அதில் நஷ்டம் சிறிது, பரக்கத் பெரிது. வாங்குபவரின் மூக்கை ஏமாற்றலாம். அனைத்தையும் அறிந்த அல்லாஹ்வை ஏமாற்ற இயலுமா?

நேர்மையாக விற்று, தூயதை உண்ணும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.